எச்சம் போட்ட இடத்தில் என்ன தெரிகிறது? கார் பெயிண்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அழகர்கோவில் ரோட்டிலோ ரேஸ்கோர்ஸ் பக்கமோ மர நிழல் தேடி வண்டியை விடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். வெயிலில் விட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, மரத்தடியில் விட்டால் டாப் முழுக்கப் பறவை எச்சம். மதுரையில் அக்னி நட்சத்திரம் 40 டிகிரியைத் தொடும்போது நிழலில் விட்டவரைக் குறை சொல்லவும் முடியாது.

எங்கள் பட்டறையில் வந்து நிற்கிற வண்டிகளில் “அண்ணே, எச்சம் அரிச்சிருச்சு, ஒரு ரப்பிங் போட்டு விட்ருங்க” என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் பல இடங்களில் அரித்தது எச்சமே இல்லை. காய்ந்த எச்சத்தைத் துணியால் அழுத்தித் துடைத்ததில் விழுந்த கீறலாக இருக்கும். இல்லையென்றால் எச்சத்தைக் கழுவிய போர் தண்ணீர் காய்ந்து நின்ற உப்பு வட்டமாக இருக்கும். அரிப்பு, கீறல், உப்பு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பார்க்காமல் ரப்பிங் போட்டால் பெயிண்ட் தேயும், கறை இருந்த இடத்திலேயே இருக்கும்.

பெயிண்டுக்கு என்ன நடக்கிறது

கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் மொத்தமாகச் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). தகட்டை ஒட்டி பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் 40, 50 மைக்ரானுக்குக் கிளியர் கோட். பளபளப்பு என்று நாம் பார்ப்பது அந்தக் கடைசி அடுக்கைத்தான். ரப்பிங் என்பது அந்த அடுக்கைச் சீவி மட்டப்படுத்தும் வேலை. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், போனது திரும்பாது.

எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். பறவைக்குச் சிறுநீர் தனியாகப் போகாது, கழிவெல்லாம் இந்தப் பசையாக வரும். குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டரில் இது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கரையாது. ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுப் போனால் கறை அப்படியே நிற்பது இதனால்தான். நடுவில் இருக்கும் கறுப்பு, பச்சைப் பகுதியில் செரிமான நொதிகள் இருக்கும். அவையும் கிளியர் கோட்டைத் தாக்கும். பெயிண்ட் ஆய்வுக்கூடங்களில் எச்சத்துக்குப் பதிலாக பான்கிரியாட்டின் என்ற நொதிக் கலவையைப் பூசிச் சோதிப்பதும் உண்டு.

ஆனால் இதையெல்லாம் வேலை செய்ய வைப்பது வெயில். மே மாத மதியத்தில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தாண்டும். கிளியர் கோட் இளகி விரியும். அதே நேரம் மேலே இருக்கும் எச்சம் காய்ந்து இறுகும். சாயங்காலம் தகடு குளிரும்போது கிளியர் கோட் சுருங்கி, எச்சத்தின் அடிப்பக்கம் எவ்வளவு கரடுமுரடோ அதை அச்சு வாங்கிக்கொண்டு கெட்டியாகும். அதனால் எச்சம் விழுந்து எத்தனை நாள் ஆச்சு என்று நான் கேட்பதில்லை. எத்தனை மதியம் வெயிலில் நின்றது என்றுதான் கேட்பேன். மார்கழியில் ரெண்டு நாள் கிடந்ததை விட சித்திரையில் ஒரே மதியம் பார்த்தது மோசமாக இருக்கும்.

“இப்பத்தான் போட்டுச்சு, இன்னும் ஈரமா இருக்கு”

சுலபமான கட்டம், ஆனாலும் இங்கேதான் பலர் வண்டிக்குக் கீறல் போடுகிறார்கள். கையில் கிடைத்த டிஷ்யூவை எடுத்து ஒரே இழுப்பாக இழுப்பார்கள்.

எச்சத்துக்குள் என்ன இருக்கும் என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஆனி, ஆடியில் வேப்பம்பழ சீசன். காக்காவும் மைனாவும் பழத்தைத் தின்றுவிட்டுப் போடுவதில் முழு வேப்பங்கொட்டையே கிடக்கும். அரச மரத்தடி என்றால் கடுகை விடச் சின்னதாக, கெட்டியான விதைகள் நூற்றுக்கணக்கில். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிப் பறக்கும் புறாக்கள் தானியம் அரைபட மணலையும் பொடிக்கல்லையும் விழுங்கும், அதுவும் கொஞ்சம் வெளியே வரும். இத்தனையும் வைத்துத் தேய்த்தால் அது துடைப்பது ஆகாது, உப்புத்தாள் போடுவதுதான்.

செய்ய வேண்டியது: தண்ணீர் பாட்டிலைத் திறந்து தாராளமாக ஊற்றி விதையும் மண்ணும் ஓடிப் போக விடுங்கள். பிறகு நனைந்த மைக்ரோஃபைபர் துணியை மேலே வைத்து, அழுத்தாமல் அப்படியே கிள்ளித் தூக்குங்கள். துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் இன்னொரு தடவை. டிக்கியில் ஒரு லிட்டர் தண்ணீரும் ரெண்டு மைக்ரோஃபைபர் துணியும் கிடந்தால் போதும். பட்டறைகளில் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் எஞ்சினுக்கு நல்லது, பெயிண்டுக்கு வேண்டாம். அதில் தையலும் எலாஸ்டிக்கும் கலந்து வரும்.

“காஞ்சு ஓடு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு”

நகத்தாலோ சாவியாலோ சுரண்டக் கூடாது. பெயிண்ட் போவது ஒரு காரணம். காய்ந்த எச்சத்தின் தூசி, குறிப்பாகப் புறா எச்சத்தின் தூசி, மூச்சில் போவது நுரையீரலுக்குக் கெடுதல் என்பது இன்னொன்று. எப்போதும் நனைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

வண்டி சூடாக இருந்தால் முதலில் நிழலுக்கு எடுத்து, பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பொறுக்கிற அளவுக்கு ஆற விடுங்கள். சூட்டோடு ஊற்றினால் தண்ணீர் உடனே ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகும், ஒரு கறைக்கு ரெண்டு கறை. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை முழுசாகக் கரையுங்கள். கரையாத மாவு அடியில் நின்றால் அதுவே கீறும். அதில் ஒரு துணியை நனைத்து எச்சத்தின் மேல் பற்றுப் போட்டு பத்து நிமிஷம் விடுங்கள். காய்ந்தால் மறுபடி நனைத்துவிடுங்கள். சமையல் சோடா லேசான காரம் என்பதால் யூரிக் அமிலம் வெறும் தண்ணீரை விட இதில் நன்றாக இளகும். துணியை எடுக்கும்போது பெரும்பாலும் எச்சமும் கூடவே வரும். வரவில்லையா, இன்னொரு பத்து நிமிஷம். பொறுமை இல்லாதவர்களால்தான் எங்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

கடைசியில் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காய விடாமல் துடைத்துவிடுங்கள். சோடாத் தண்ணீர் பெயிண்டில் தங்கக் கூடாது.

மழைக்கும் பனிக்கும் ஒரு வார்த்தை. காய்ந்து கிடக்கும் பழைய எச்சம் ராத்திரிப் பனியில் ஊறி மறுபடி வேலையைத் தொடங்கும். “மழை வந்தா தானா போயிரும்” என்று விட்டுவைப்பவர்கள் தூறலுக்கும் பெருமழைக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். தூறல் ஊறவைக்கும், கழுவாது.

“எச்சம் போயிருச்சு, ஆனா வட்டமா ஒரு தழும்பு தெரியுது”

இதுதான் அதிகம் வரும் கேஸ், நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். இடத்தைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, நிழலில் வைத்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மூன்று விஷயம் பாருங்கள்.

தழும்பு நேர் கோடுகளாக, கை போன திசையில் இழுபட்டுத் தெரிந்தால் அது துணிக் கீறல்.

வெள்ளை வளையமாக, ஓரம் தடித்து, நடுவில் ஒன்றுமில்லாமல் இருந்தால் அது உப்பு. மதுரையில் பல தெருக்களில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் ஒரு நிமிஷம் வையுங்கள். உப்பு என்றால் மங்கும் அல்லது மறையும். உடனே கழுவிவிட வேண்டும், வினிகரும் அமிலம்தான். வைத்தியம் அதோடு முடிந்தது, ரப்பிங் தேவையில்லை. சர்வீஸ் ஸ்டேஷனில் வாட்டர் வாஷ் முடித்து வந்த மறுநாள் பானெட் முழுக்க “எச்சத் தழும்பு” என்று பதறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். இத்தனை பறவையும் ஒரே ராத்திரியில் ஒரே அளவில் எச்சம் போடாது.

எச்சம் கிடந்த அதே உருவத்தில், தெறித்த சொட்டு உட்பட, மங்கலாக இருந்தால் அது நிஜமான அரிப்பு. இப்போது நகத்தை லேசாக அதன் மேல் குறுக்கே ஓட்டுங்கள், அழுத்த வேண்டாம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டம். ஓரத்தில் தட்டினால் ஆழம், அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மேலோட்டமான அரிப்புக்கு முதல் மருந்து சூடு. கேட்டால் சிரிப்பார்கள். வெயில் கெடுத்ததைச் சூடு எப்படிச் சரிசெய்யும் என்று. எச்சம் மேலே இல்லாதபோது கிளியர் கோட்டை மெதுவாகச் சூடாக்கினால், அச்சு வாங்கிய இடம் இளகித் தன் பழைய மட்டத்துக்குக் கொஞ்சம் திரும்பும். தலை காய வைக்கும் ஹேர் டிரையர் போதும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, தகடு கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் வரை. ஆறியதும் பாருங்கள். சில தழும்பு பாதியாகக் குறையும், சில முழுசாகப் போகும், சிலது அசையாது. ஒரு பைசா பெயிண்ட் செலவில்லாத வழி என்பதால் முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. பட்டறை ஹீட் கன்னை வீட்டில் பிடிக்காதீர்கள், அது பெயிண்டில் கொப்புளம் வர வைத்துவிடும்.

மிச்சம் இருப்பதற்குப் பாலிஷ். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பழைய வேக்ஸ் எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள். நைஸ் பாலிஷ் எடுங்கள், கரடான ரப்பிங் காம்பவுண்டு வேண்டாம். பஞ்சு அப்ளிகேட்டரில் பட்டாணி அளவு வைத்து, தழும்பை விடக் கொஞ்சம் பெரிய இடத்தில் நிதானமான அழுத்தத்தில் தேயுங்கள். ஒரு நிமிஷம் தேய்த்ததும் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். குறைகிறது என்றால் இன்னொரு சுற்று. ரெண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு மாற்றமே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அது பாலிஷில் போகிற ஆழம் இல்லை. துணிக் கீறலுக்கும் இதே வழிதான், அதற்குச் சூடு உதவாது.

துணியில் வண்டியின் கலர் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு வண்டியில் துணி சிவந்தால், கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட் என்று அர்த்தம். பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் கிளியர் கோட் போட்டு வந்த வண்டியில் கலர் ஒட்டினால் அந்த இடத்தில் கிளியர் தீர்ந்துவிட்டது. உடனே கையை எடுங்கள்.

“தேங்காய் எண்ணெய் தடவினேன், மறைஞ்சிருச்சு, ஒரு வாரத்துல மறுபடி வந்திருச்சு”

மறையவே இல்லை. பள்ளத்தில் எண்ணெய் நின்று ஒளி சிதறாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் இதே கதை, அதோடு தூசியும் அப்பிக்கொள்ளும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். சந்தேகமான பானெட்டை ஷாம்பு போட்டுக் கழுவச் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

டூத் பேஸ்ட் மறைப்பதில்லை, நிஜமாகவே தேய்க்கும். எவ்வளவு கரடு என்பது பேஸ்டுக்குப் பேஸ்ட் மாறும். பல்லுக்கு வாங்கியது பல்லுக்கே இருக்கட்டும்.

“நகம் தட்டுது”

பள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை இறக்கினால்தான் இது போகும். அதாவது 2000, 3000 நம்பர் தண்ணீர்ப் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் நைஸ் உப்புத்தாள்), பிறகு மெஷின் பாலிஷ். வீட்டில் செய்கிற வேலை இல்லை. செய்து கொடுக்கும் ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டர் இருக்கா?” இருந்தால் அந்த இடத்தையும், பக்கத்தில் தழும்பில்லாத இடத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே பலமுறை ரப்பிங் பட்ட வண்டி என்றால் சுற்றிலும் குறைவாகக் காட்டும். அப்படி இருந்தால் பேப்பரே போட வேண்டாம். எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு காட்டினால் அடியில் பட்டி (நசுங்கலை நிரப்பும் பசை) இருக்கிறது, அந்தப் பேனல் எப்போதோ அடிபட்டு வேலை பார்த்தது. மீட்டரே இல்லாமல் மெஷினை எடுக்கிற கடை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

பானெட் ஓரம், டோர் மடிப்பு, பாடி லைன் இங்கெல்லாம் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும். அங்கே விழுந்த பள்ளத்தை மட்டப்படுத்தப் போய் கலர் வரை போன வண்டிகள் நிறைய.

என் யோசனை வேண்டுமென்றால்: வெள்ளை, சில்வர் வண்டியில் நகம் தட்டுகிற தழும்பு ரெண்டு மூன்று இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. கறுப்பு, கருநீலம் என்றால் தெரியும்தான். அப்போதும் முழுசாகப் போக்கச் சொல்லாதீர்கள், ஓரத்தை மழுக்கி மங்க வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். நாளைக்கும் காக்கா வரும், அன்றைக்கும் கிளியர் கோட் வேண்டும்.

“சின்னச் சின்னதா வெடிச்சிருக்கு” அல்லது “தோல் உரியுது”

தண்ணீர் வற்றிய கண்மாய்த் தரை போல நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் கிளியர் கோட் உடைந்துவிட்டது. சூடு, பாலிஷ், பேப்பர் எதுவும் எடுபடாது. தேய்க்கத் தேய்க்க வெடிப்பின் ஓரம் பெயர்ந்து பெரிசாகும். அந்தப் பேனலைத் தேய்த்துப் புதுசாகப் பெயிண்ட் அடிப்பதுதான் வழி. உடனே முடியாது என்றால் வேக்ஸ் தடவித் தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஹை பிரஷர் தண்ணீரை அங்கே அடிக்க விடாதீர்கள்.

“போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சோம், அதுக்குள்ள இப்படி”

டிங்கரிங், பெயிண்டிங் முடித்து வந்த பேனல் கம்பெனி பெயிண்டை விட மென்மையாக இருக்கும். கம்பெனியில் முழு பாடியையும் அதிகச் சூட்டில் வேக வைக்கிறார்கள், பட்டறையில் அந்தச் சூடு கிடையாது. உள்ளே இருக்கும் கரைப்பான் முழுசாக வெளியேற வாரக் கணக்கில் ஆகும். அந்தக் காலத்தில் வேக்ஸ், கோட்டிங் போட வேண்டாம், மரத்தடியில் நிறுத்தவும் வேண்டாம். எச்சம் விழுந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

“ஊதாக் கறை போகமாட்டேங்குது”

நாவல் பழ சீசன். வெள்ளை வண்டிக்காரர்கள் புலம்பும் காலம். எச்சத்தைக் கழுவிய பிறகும் சாயம் நிற்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். கொஞ்சம் நின்றாலும் தேய்க்காதீர்கள். பழச் சாயம் வெயிலில் தானாக வெளுக்கும், வெயில் நமக்கு உதவி செய்கிற ஒரே இடம் இதுதான்.

“எச்சம் இல்ல, ஆனா பிசுபிசுன்னு புள்ளி புள்ளியா இருக்கு”

மாமரத்தடியா? பூப் பூக்கிற காலமா? அது தத்துப்பூச்சி விடும் தேன்கழிவு. சர்க்கரைதான், ஷாம்பு போட்ட வெந்நீரில் ஊறினால் போய்விடும். விட்டுவைத்தால் அதன் மேல் கரும்பூஞ்சை படியும்.

“கோட்டிங் போட்டும் தழும்பு விழுந்திருச்சே”

செராமிக் கோட்டிங் விற்கும்போது “எச்சம் ஒண்ணுமே பண்ணாது” என்று சொல்லிவிடுகிறார்கள். அது அவகாசம் வாங்கித் தரும், எளிதாகக் கழுவ வைக்கும். சித்திரை வெயிலில் ரெண்டு நாள் விட்டால் கோட்டிங்கிலேயே தழும்பு விழும். பிபிஎஃப் என்கிற ஒட்டும் ஃபிலிம் கனமானது. அரிப்பு வந்தால் அதோடு நிற்கும், பெயிண்டுக்கு இறங்காது. ஆனால் ஃபிலிமிலும் கறை பிடிக்கும், விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை.

கார் கவர் போடுகிறவர்களுக்கு: தூசி படிந்த வண்டி மேல் கவரை இழுத்தால் காற்றில் அது அசைய அசைய மொத்த வண்டிக்கும் கீறல். மெல்லிய துணி கவரில் ஈர எச்சம் ஊறி இறங்கும். கழுவிய வண்டிக்கு மட்டும் போடுங்கள், கவரையும் துவையுங்கள்.

“தினமும் ஒரே இடத்துல, கண்ணாடிக்குக் கீழ மட்டும்”

சைடு மிர்ரரில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு எதிரி என்று நினைத்து ஒரு தேன்சிட்டோ மைனாவோ நாளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். டோரில் வழிகிற வெள்ளைக் கோடு அதன் வேலை. வண்டி நிற்கும்போது மிர்ரரை மடக்குங்கள், அல்லது துணிப்பையை மாட்டிவிடுங்கள். சில நாளில் வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

டாப்பில் மட்டும் வரிசையாக விழுந்தால் மேலே நிமிர்ந்து பாருங்கள், கரண்ட் கம்பி இருக்கும். ரெண்டடி தள்ளி விட்டால் தீர்ந்தது. வண்டியூர், சாமநத்தம் கண்மாய்ப் பக்கம் கொக்கும் நாரையும் அடையும் மரங்களுக்குக் கீழே சாயங்காலம் வண்டியை விடாதீர்கள். மீன் தின்னும் பறவையின் எச்சம் அளவிலும் நாற்றத்திலும் வேறு ரகம்.

மேலூர், அழகர்கோவில் கிராமங்களில் இருப்பவர்களுக்கு மயில் தனித் தலைவலி. எச்சம் பெரிசு என்பது ஒரு பக்கம். பளபளப்பான கதவில் தன்னைப் பார்த்துக் கொத்துவதும், டாப்பில் ஏறி நகத்தால் கிழிப்பதும் இன்னொரு பக்கம். அந்தக் கீறல் கலர் வரை போகும், பாலிஷில் போகாது, டச்-அப் தான் வைக்க வேண்டும். விரட்டலாம், கல்லெடுத்து எறியக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. மயில் நடமாட்டம் உள்ள வீட்டில் கதவு உயரத்துக்கு ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு, பிம்பம் தெரியாமல் செய்துவிடுங்கள். போர்வை மட்டும் மண்ணில்லாமல் உதறியதாக இருக்க வேண்டும்.